வெள்ளிக்கிழமைப் பிள்ளைகள்

உங்க பையன் எந்த ஸ்கூல்ல படிக்கான்னு கேட்டா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே? நான் டீச்சருங்க. யாரைப் பாத்தாலும் வாயில மொதல்ல அந்தக் கேள்விதான் வருது. சரி, சரி. நல்ல ஸ்கூல்தான் அது. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். எந்த ஸ்கூலப் பத்தியும் நான் இப்ப ஒண்ணும் சொல்லுறது இல்ல.

இப்ப நம்ம பஸ்ல தாண்டி வந்தோம்லா, வேப்பமரத்துக்குப் பின்னால ஒரு கட்டடம், பூட்டிக் கெடந்துச்சே. அதுதான் என் பள்ளிக்கூடம். சின்னக்கரிசல் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி. கல்யாணம் ஆகி, பிள்ளை பெத்து, தலை நரைச்சது எல்லாம் அங்க வேலை பாத்துக்கிட்டேதான். கூட ஒரு சார் இருந்தாரு, அவரை வேற ஊருக்கு மாத்திட்டாங்க. பதிலுக்கு ஆளு போடல. அப்புறம் தலைமையாசிரியரும் நான்தான், டீச்சரும் நான்தான், மணி அடிக்கிறதும் நான்தான். இப்ப என்னய இந்த ரூட்டுல கடைசி ஊருக்குப் போட்டிருக்காங்க. தெனமும் அதைத் தாண்டித்தான் போகணும்.

பிள்ளைங்க கொறைச்சல்தான், இல்லைங்கல. ஒண்ணாப்புல இருந்து அஞ்சாப்பு வரைக்கும் ஒரே ரூம்ல அடங்கிரும். ஆனா எல்லாம் தங்கமான பிள்ளைங்க. பீடி சுத்துற வீடு, காட்டு வேலைக்குப் போற வீடு, அந்த மாதிரி வீட்டுப் பிள்ளைங்க.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் கொஞ்ச தூரத்துல ஒரு மெட்ரிக் பள்ளிக்கூடம் இருக்கு. பேரு எதுக்கு, விடுங்க. எங்க பிள்ளைங்க அதை வேன் ஸ்கூல்னுதான் சொல்லும். காலையில வேனுங்க வரிசையாப் போறப்ப எங்க பிள்ளைங்க கேட்டைப் பிடிச்சிட்டு நின்னு டாட்டா காட்டும். வேன்ல இருக்கிற பிள்ளைங்களும் காட்டும். எங்களுக்கும் அவங்களுக்கும் உள்ள பழக்கம் அவ்வளவுதான்.

போன வருஷம் ஜூலையில அந்த ஸ்கூல் தாளாளர் நேர்லயே வந்துட்டாரு. நல்ல மனுஷங்க. பிள்ளைங்க உக்காருற குட்டி நாற்காலியிலேயே உக்காந்து பேசினாரு. எங்க எட்டாம் வகுப்புப் பிள்ளைங்க வாராவாரம் வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு மேல வந்து உங்க பிள்ளைங்களுக்கு இங்கிலீஷ் வாசிக்கச் சொல்லிக் குடுக்கட்டும், கணக்கு சொல்லிக் குடுக்கட்டும், அவங்களுக்கும் நாலு பேருக்கு உதவணும்னு ஒரு எண்ணம் வரும்னு சொன்னாரு. நான் வேண்டாம்னா சொல்லுவேன்? தனியாளா அஞ்சு வகுப்பு பாக்கிறவளுக்கு அது எவ்வளவு பெரிய ஒத்தாசை. அதிகாரிகிட்ட அனுமதி வாங்கி, வாங்கன்னு சொல்லிட்டேன்.

வந்தாங்க. அதுல என் மகளும் ஒருத்தி.

ஆமா, தர்ஷிகா அங்கதான் படிக்கா. அது வேற விஷயம்ங்க. நாங்க இருக்கிறது தென்காசி டவுன்ல. வேன் வீட்டு வாசலுக்கே வருது. எங்க வீட்டுக்காரரு மின்வாரியத்துல இருக்காரு, அவருதான் எல்கேஜியில கொண்டுபோய்ச் சேத்துட்டு வந்து என்கிட்ட சொன்னாரு. நான் என்ன செய்ய? சின்னக்கரிசல்ல யாருக்கும் அது தெரியாது. மறைக்கணும்னு இல்ல. யாரும் கேக்கல, நானும் சொல்லல.

அவகிட்ட மட்டும் வீட்டுலயே சொல்லி வச்சேன். அங்க வந்து அம்மான்னு கூப்பிடக் கூடாது, மிஸ்னு கூப்பிடணும், மத்த பிள்ளைங்க ஏங்கிரும்னு. அவளும் கெட்டிக்காரி, ஒரு தடவைகூட மாத்திக் கூப்பிடல. “மிஸ், சாக்பீஸ் வேணும்”னு வந்து நிப்பா. “இந்தாம்மா”ன்னு குடுப்பேன். ராத்திரி சாப்பிடுறப்ப அதை நெனச்சு ரெண்டு பேரும் சிரிப்போம்.

வந்த பிள்ளைங்கள்ல ஷிஃபானான்னு ஒருத்தி. எனக்கு அவளைத்தான் ரொம்பப் பிடிக்கும், என் மகளே அதுக்குக் கோவப்படுவா. மத்ததுங்க மொத நாளு செல்ஃபி எடுத்துச்சு, சாக்லேட் குடுத்துச்சு, கைய வீசிட்டுப் போயிருச்சு. இவ போட்டோவே எடுக்கல. மூணாப்புப் பிள்ளை இசக்கியம்மாளைப் பிடிச்சுக்கிட்டு ஒரு மூலையில உக்காந்துட்டா. இசக்கி வாயத் தொறந்து பேசாத பிள்ளை. பேரு கேட்டாலே தலையத் தொங்கப் போட்டுரும். என்னாலயே முடியல அந்தப் பிள்ளைய. ஷிஃபானா அதட்டவும் இல்ல, கொஞ்சவும் இல்ல. அவபாட்டுக்கு ஒரு கதைப் புத்தகத்த சத்தமா வாசிப்பா, வேணும்னே ஒரு வார்த்தையத் தப்பா வாசிப்பா. இசக்கி பல்லைக் கடிச்சிட்டுப் பொறுத்துப் பொறுத்துப் பாக்கும், கடைசியில தாங்க மாட்டாம “அது அப்படி இல்லக்கா”ங்கும். அப்படித்தான் பேச ஆரம்பிச்சுது. தீபாவளி முடிஞ்சு வந்தப்போ இங்கிலீஷ்ல ஒரு பக்கம் நிக்காம வாசிச்சுது. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. பி.எட். படிச்சிருக்கேன், எத்தனை பயிற்சிக்குப் போயிருக்கேன்.

இசக்கி மட்டும் இல்ல, எல்லாப் பிள்ளையும்தான். வெள்ளிக்கிழமைன்னா ஒருத்தர் லீவு போடாது. தலைக்கு எண்ணெய் வச்சு, சட்டைய உள்ள விட்டு வரும். வீட்டுல போய் அம்மாவ மம்மிங்கும், தண்ணிய வாட்டருங்கும். தாய்மாருங்க என்கிட்ட வந்து சிரிச்சுக்கிட்டே சொல்லுவாங்க. சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். அந்தச் சிரிப்புக்குள்ள என்ன இருந்துச்சுன்னு எனக்கு எங்க தெரியுது?

ஜனவரியில, குடியரசு தினத்துக்கு ஒரு சின்ன விழா வைப்போம் மிஸ், அம்மா அப்பாவக் கூப்பிடுவோம்னு ஷிஃபானாதான் சொன்னா. கூப்பிட்டோம். பீடித் தட்டைத் தூக்கி ஓரமா வச்சிட்டு எல்லாரும் வந்துட்டாங்க. இசக்கி முன்னால வந்து நின்னு ஒரு கதைய முழுசா வாசிச்சுது. அதோட அம்மா சுடலைவடிவு சேலைத் தலைப்ப வாயில வச்சுக்கிட்டு நின்னா. அவ புருஷன் கேரளாவுல கட்டட வேலை. வந்தா வந்தான், இல்லேன்னா இல்ல. அந்த ஒத்தப் பிள்ளைய வச்சுக்கிட்டுத்தான் அவ உக்காந்திருக்கா.

கதை முடிஞ்சு எல்லாரும் கை தட்டுறப்போ, கலர்க் காகிதம் ஒண்ணு அறுந்து தொங்குச்சு. தர்ஷிகா பெஞ்சு மேல ஏறி அதைக் கட்டப் போயிருக்கா. எறவானத்துல குளவிக்கூடு இருந்தது யாருக்குத் தெரியும்? கன்னத்துல கொட்டிருச்சு. “அம்மா”ன்னு அலறிக்கிட்டு ஓடி வந்தா.

வலிச்சா யாரும் அம்மான்னுதான் கத்துவாங்க. அதுல ஒண்ணும் இல்ல. ஆனா நான் ஓடினேன்லா. ஓடிப்போய் மடியில போட்டுக்கிட்டு, என் தங்கம், அம்மாவப் பாருடா, அம்மாவப் பாருடான்னு அழுதுட்டேன். தன்னால வருது, என்ன செய்ய முடியும்? சுடலைவடிவுதான் யார்கிட்டயோ இருந்து சுண்ணாம்பு வாங்கிட்டு வந்து தடவினா. தடவிட்டு என் மூஞ்சியப் பாத்தா, என் மக மூஞ்சியப் பாத்தா.

“டீச்சர் மவளா?”

ஆமான்னேன்.

“உங்கள உரிச்சு வச்சிருக்கு. இத்தன நாளும் நான் கவனிக்கலையே.”

அவ்வளவுதான் கேட்டா. வேற யாரும் ஒண்ணும் கேக்கல. சுண்டல் குடுத்தோம், வாங்கித் தின்னுட்டு, நல்லா இருந்துச்சு டீச்சர்னு சொல்லிட்டுப் போனாங்க. அதனாலதான் சொல்லுதேன், அதுக்கும் பின்னால நடந்ததுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. எங்க வீட்டுக்காரரு, சம்பந்தம் இருக்குங்காரு. அவருக்கு என்ன தெரியும், கரெண்டு பில்லப் பத்திக் கேட்டா சொல்லுவாரு.

ஏப்ரல் கடைசியில ஒருத்தரு டி.சி. கேட்டு வந்தாரு. பெரிய பையன் அஞ்சு முடிச்சிட்டான், சின்னதையும் அது கூடவே அங்க போட்டுரலாம்னு பாக்கோம்னாரு. எழுதிக் குடுத்தேன். அடுத்த நாளு இன்னொருத்தங்க. அப்புறம் தெனம் ஒருத்தங்க. எல்லாரும் வேன் ஸ்கூலுக்குத்தான். யாரும் மூஞ்சியக் காட்டிப் பேசல, அதுதான் எனக்குக் கஷ்டம். சண்டை போட்டுக்கிட்டுப் போயிருந்தா நானும் ரெண்டு வார்த்தை பேசியிருப்பேன். எல்லாரும் கையில தேங்காயோ முருங்கைக்காயோ கொண்டு வந்து குடுத்துட்டு, மன்னிச்சுக்கிடுங்க டீச்சர்னு சொல்லி வாங்கிட்டுப் போறாங்க.

மே மாச வெயில்ல வீடு வீடாப் போனேன். புத்தகம் இலவசம், சீருடை இலவசம், காலைச் சாப்பாடு, மத்தியானச் சாப்பாடு, முட்டைன்னு சொல்லிக்கிட்டே போனேன். லோடுமேன் மூக்கையா வீட்டுல மோர் குடுத்தாங்க. அவரு பொண்ணு ரெண்டாப்பு. நான் சொன்னதெல்லாம் கேட்டுட்டு அவரு மெதுவாச் சொன்னாரு.

“டீச்சர், நீங்க உங்க பிள்ளைக்கு என்ன செஞ்சீங்களோ அதைத்தான் நாங்க எங்க பிள்ளைக்குச் செய்யோம். அது தப்பாத் தெரிஞ்சா சொல்லுங்க, நிறுத்திக்கிடுதேன்.”

மரியாதைக் கொறைவா ஒரு வார்த்தை இல்ல. குத்திக் காட்டவும் இல்ல. நெசமாவே கேட்டாரு. நான் மோரைக் குடிச்சிட்டு வந்துட்டேன். நீங்களே சொல்லுங்க, ரெண்டும் ஒண்ணாங்க? நான் டவுன்ல இருக்கேன், ரெண்டு பேரு சம்பாத்தியம். அவங்க கடன் வாங்கித்தான் கட்டணும். இதை அவருகிட்ட சொல்லியிருக்கணும். எப்படிச் சொல்ல?

தாளாளரைப் போய்ப் பாத்தேன். என்ன சார் இப்படி ஆயிருச்சுன்னேன். அவருக்கும் வருத்தந்தான். நாங்க யாரையும் கூப்பிடல டீச்சர், வர்றவங்களை எப்படி வேண்டாங்கிறது, அந்த ஊருப் பிள்ளைங்கன்னு பாதி ஃபீஸ்தான் வாங்குதோம்னாரு. அப்புறம், உங்ககிட்ட படிச்ச பிள்ளைங்கன்னா அடித்தளம் நல்லா இருக்கு, எங்க மிஸ்ஸுங்களே சொல்லுதாங்கன்னாரு. பாராட்டுதாரு. நான் தேங்க்ஸ் சார்னு சொல்லிட்டு எழுந்திரிச்சு வந்துட்டேன்.

ஜூன்ல பள்ளிக்கூடம் தொறந்தா, இசக்கி மட்டும் வந்து நிக்குது. நாலாப்பு. சுடலைவடிவு பின்னாலயே வந்தா. நீ ஏன் போகலன்னு நான் கேக்கல, அவளாச் சொன்னா.

“பாதிக்குக்கூட வழி இல்ல டீச்சர். இருந்தாலும் போவட்டும். நீங்க இருக்கீங்கள்லா, அது போதும் எம்பிள்ளைக்கு.”

ஒரு பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் நடத்தியிருக்கீங்களா? மணி அடிக்கணும். பிரேயர் சொல்லணும். ஒரு பிள்ளை முன்னால நின்னு தமிழ்த்தாய் வாழ்த்து பாடுது, நான் எதிர்த்தாப்புல நின்னு பாடுதேன். சத்துணவு ஆயா ஒரு முட்டைய அவிக்க அடுப்பு பத்த வைப்பா. வருகைப் பதிவுல ஒரு பேரு. ஆனா சட்டப்படி ஒரு பிள்ளை இருந்தாலும் பள்ளிக்கூடம் உண்டுங்க. அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நான் இருந்தேன். நல்லாவும் படிச்சுது. பாடம் நடத்துறோம்னே தெரியாது, ரெண்டு பேரும் பேசிக்கிட்டே இருப்போம்.

ஜூலை வந்துச்சு. வெள்ளிக்கிழமை வேன் வந்து நின்னுச்சு. யாரும் அவங்ககிட்ட சொல்லல, சொல்லணும்னு யாருக்கும் தோணல போல. அவங்க டைம்டேபிள்ல இருந்திருக்கு, வந்துட்டாங்க. ஒரு வேன் நெறைய பிள்ளைங்க, கையில சார்ட், கலர் பென்சில், பாட்டுப் பெட்டி. உள்ள இசக்கி ஒத்தையில உக்காந்திருக்கு.

ஷிஃபானா சுத்திப் பாத்துட்டு, மத்தவங்கல்லாம் லீவா மிஸ்னு கேட்டா. இல்லம்மா, அவங்க இப்ப உங்க ஸ்கூல்ல இருக்காங்கன்னேன். சின்னப் பிள்ளைங்களுக்கு அங்க தனிக் கட்டடம், இவ கண்ணுல பட்டிருக்காது. தர்ஷிகா தரையப் பாத்துக்கிட்டு நிக்கா. அப்புறம் ஷிஃபானா என் பக்கத்துல வந்து, யாருக்கும் கேக்காம கேட்டா.

“நாங்க வந்ததாலயா மிஸ்?”

இல்லம்மா, இல்லம்மான்னேன். வேற என்ன சொல்ல முடியும்? பதினாலு வயசுப் பிள்ளை.

சரின்னு எல்லாரும் சேந்து இசக்கிக்குச் சொல்லிக் குடுக்க உக்காந்தாங்க. சுத்தி வட்டமா. ஒருத்தி படம் காட்டுதா, ஒருத்தன் பாட்டுப் போடுதான், ஒருத்தி கையப் பிடிச்சு எழுத வைக்கா. அந்தப் பிள்ளை நடுவுல, சடங்குக்கு உக்கார வச்ச மாதிரி, வேர்த்து ஒழுகுது. எல்லாரும் அதையே பாக்காங்க. ஒரு எழுத்து சொன்னா அத்தனை பேரும் கை தட்டுதாங்க. ஷிஃபானா மட்டும் வெளியில போய் மரத்தடியில நின்னுக்கிட்டா.

அடுத்த வாரமும் வந்தாங்க. அதுக்கடுத்த வெள்ளிக்கிழமை இசக்கி வரல. திங்கக்கிழமை ஏன் வரலன்னு கேட்டேன். வெள்ளிக்கிழமை நான் வரல டீச்சர், எல்லாரும் என்னையவே பாக்காங்கன்னு சொல்லிட்டுத் தலையத் தொங்கப் போட்டுருச்சு. பழையபடி ஆயிருச்சு பாருங்க. சரி, வெள்ளிக்கிழமை மட்டும் வர வேண்டாம், மத்த நாளு ஒழுங்கா வான்னு நான்தான் சொன்னேன். வேன் ஸ்கூலுக்கு ஃபோன் போட்டு நிறுத்தச் சொல்லியிருக்கலாம். என் மகள் படிக்கிற இடம். சும்மா எதுக்குன்னு விட்டுட்டேன்.

அப்பத்தான் வட்டாரக் கல்வி அலுவலர் வந்தாரு. முன்கூட்டிச் சொல்லல. வந்தது வெள்ளிக்கிழமை.

நல்லவருதான். கெட்டவங்கன்னு யாரையும் நான் சொல்ல மாட்டேன், அதான் சொன்னேன்லா. உள்ள நுழைஞ்சாரு. டை கட்டி, ஷூ போட்டு, ரூம் நெறையப் பிள்ளைங்க எந்திரிச்சு நின்னு குட் ஆஃப்டர்நூன் சார்னு சொல்லுது. அவரு முகம் மலர்ந்து போச்சு. நீங்கல்லாம் யாருன்னு கேட்டாரு. சொல்லிக் குடுக்க வந்திருக்கோம் சார்னாங்க.

“ரொம்ப நல்லது. யாருக்கு?”

பிள்ளைங்க என்னயப் பாத்துச்சு. நான் பேசினேன். ஒரு பிள்ளை இருக்கு சார், நாலாப்பு, நல்லா வாசிக்கும், இன்னைக்கு வரலன்னு சொன்னேன். நேத்து வந்துச்சு, வேணும்னா பதிவப் பாருங்க சார்னேன். பாத்தாரு. போன வெள்ளிக்கிழமையும் வரல, அதுக்கு முந்துனதும் வரலன்னாரு. ஏன்னு கேட்டாரு. என்ன சொல்ல? இவங்க வர்றதால சார்னு அந்தப் பிள்ளைங்களை நிக்க வச்சுக்கிட்டுச் சொல்ல முடியுமா? உடம்பு சரியில்ல சார்னுட்டேன். அவரு மூச்சை இழுத்து விட்டாரு. ஒரு பிள்ளை, அதுவும் ஒழுங்கா வரல, நான் என்னன்னு எழுத டீச்சர்னாரு. டீயக்கூட குடிக்காமப் போயிட்டாரு. அந்த மாசக் கடைசியில பக்கத்து ஊருப் பள்ளியோட சேத்தாச்சுன்னு தாள் வந்துருச்சு. எனக்கு இந்தக் கடைசி ஊரு.

பக்கத்து ஊருன்னா, நாலுவழிச் சாலையத் தாண்டிப் போகணுங்க. ஒத்தப் பிள்ளை எப்படிப் போகும்? சுடலைவடிவுகிட்ட சொல்லப் போனேன். பீடி சுத்திக்கிட்டே கேட்டா. கை நிக்கவே இல்ல. அப்புறம், நீங்க போற பள்ளிக்கூடத்துக்கே எம்பிள்ளையக் கூட்டிட்டுப் போயிருங்க டீச்சர், உங்க கூட பஸ்ல வந்துரும்னா. எனக்குப் பயந்தான். ஆனா முடியாதுன்னு சொல்ல வாய் வரல. புது ஸ்கூல்ல தலைமையாசிரியர் ஒண்ணும் சொல்லல, கூட்டிட்டு வாங்கன்னாரு.

கூட்டிட்டுப் போனேங்க. சின்னக்கரிசல் ஸ்டாப்புல பஸ் நின்னதும் ஏறி என் பக்கத்துல உக்காந்துக்கும். போற வழியில இருக்கிற போர்டெல்லாம் வாசிச்சுக்கிட்டே வரும். சிமெண்டு விளம்பரம், ஜவுளிக்கடை, பல் டாக்டர், ஒண்ணு விடாது. சாயங்காலம் என் தோள்ல சாஞ்சு தூங்கிரும். எனக்கே ஒரு மாதிரி நல்லா இருந்துச்சு. தர்ஷிகாவ நான் அப்படி ஒரு நாளும் கூட்டிட்டுப் போனதில்ல.

அப்ப வந்துச்சு வாக்காளர் பட்டியல் வேலை. டீச்சருங்களுக்குத்தான் போடுவாங்க, தெரியும்லா. தென்காசியிலேயே தெருத் தெருவா அலையணும். ஒரு நாள்ல முடியுற வேலையா? சுடலைவடிவுகிட்ட ஃபோன் கிடையாது. சொல்லி விடணும்னு நெனச்சேன். யாருகிட்டச் சொல்லி விட? நெனச்சுக்கிட்டே இருந்தேன், நாளு போயிருச்சு.

வேலை முடிஞ்சு மொத நாளு போறேன், ஸ்டாப்புல பிள்ளை இல்ல. மறுநாளும் இல்ல. எறங்கி வீட்டுக்கே போனேன். சுடலைவடிவு கோவிக்கல. தெனமும் வந்து நின்னுச்சு டீச்சர், பஸ் வரும், உள்ள எட்டிப் பாக்கும், நீங்க இல்லேன்னதும் திரும்பி வந்துரும்னா. இப்ப கூப்பிட்டா வர மாட்டேங்குன்னா. இசக்கி உள்ள உக்காந்து பீடிக்கு நூல் கட்டிக்கிட்டு இருந்துச்சு. நான் கூப்பிட்டேன். நிமிந்து பாக்கல. அதட்டினேன், கொஞ்சினேன். ம்ஹும். எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாச்சு.

அப்புறமும் ரெண்டு தடவை போய்ப் பாத்துட்டேங்க. அலுவலகத்துக்கு எழுதிப் போட்டிருக்கேன், இடைநிற்றல் பிள்ளைன்னு. ஆளு வருவாங்கன்னு சொல்லியிருக்காங்க. இன்னும் வரல. நான் ஒருத்தி என்ன செய்ய முடியும்?

நேத்து சின்னக்கரிசல்ல பஸ் நின்னுச்சு. யாரும் ஏறல. கண்டக்டர் ரெண்டு நிமிஷம் வண்டிய நிறுத்தி வச்சாரு. ஏன் நிறுத்தியிருக்காருன்னு நான் பாத்தேன். அவரு என்கிட்ட வந்து, “என்ன டீச்சர், உங்க பிள்ளையக் கொஞ்ச நாளாக் காணும்?”னு கேட்டாரு.

“என் பிள்ளை இந்தப் பஸ்ல வர மாட்டா”ன்னேன் நான்.

அவரு ஒரு மாதிரிப் பாத்துட்டு விசில் குடுத்துட்டாரு. அவரு யாரைக் கேட்டாருங்கிறது, ரெண்டு ஸ்டாப் தாண்டித்தாங்க எனக்கு உறைச்சுது.